ஆறு பேர், நான்கு இரவுகள்: டிஸ்னி வேர்ல்டில் எங்கே தங்குவது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும், 11 வயது மகனையும், 5 வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஜூலை மாதம் ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. பெற்றோர் இருவரும் சைவம். அப்பாவுக்கு விலங்குகளைப் பார்ப்பதில் ஆர்வம் அதிகம். டிஸ்னியின் விடுதிகளே இருபதுக்கும் மேல் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது. செலவு நடுத்தரமாக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விடுதிகளின் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டி அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைகளின் ஆசை காலையிலிருந்து இரவு வரை பூங்காவிலேயே நிறைவேறிவிடும்; அறைச் சுவரில் எந்தக் கார்ட்டூன் இருந்தது என்பதை அவர்கள் தூங்கப் போகும் நேரத்தில் கவனிப்பதுகூட இல்லை. விடுதியில் அதிக நேரம் இருக்கப்போவது உங்கள் பெற்றோர்தான். ஜூலை மாதத்து ஃபுளோரிடா வெயிலில், நண்பகலுக்குப் பிறகு அவர்கள் அறைக்குத் திரும்பிப் படுக்கவே விரும்புவார்கள். ஆகவே, நீங்கள் உடன் வராமல் அவர்கள் இருவர் மட்டும் எளிதாகத் திரும்பி வரக்கூடிய, வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு ஓய்வெடுக்கக்கூடிய இடம் எது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

இடத்தின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. டிஸ்னி வேர்ல்டின் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டு விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கும் மேல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய நான்கு பூங்காக்களும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், எந்த விடுதியும் நான்குக்கும் அருகில் இருக்க முடியாது. "பூங்காவுக்கு அருகில்" என்று ஒரு விடுதியைப் பற்றி யாராவது சொன்னால், எந்தப் பூங்காவுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, படுக்கைகளை எண்ணுங்கள். டிஸ்னி தன் விடுதிகளை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று பிரித்திருக்கிறது. வேல்யூ விடுதிகளின் சாதாரண அறையில் நான்கு பேர்தான் தங்கலாம். மாடரேட் விடுதிகள் சிலவற்றில் ஐந்தாவதாக ஒரு சிறுவருக்கு மடக்குக் கட்டில் உண்டு. நீங்கள் ஆறு பேர். எனவே எங்கே போனாலும் இரண்டு அறைகள் எடுக்க வேண்டும், அல்லது ஆறு பேருக்கென்றே அமைந்த குடும்ப அறைத்தொகுதியைத் தேட வேண்டும். இரண்டு அறைகள் என்றால் வாடகை இரட்டிப்பாகும் என்பதால், டீலக்ஸ் விடுதிகள் பெரும்பாலும் உங்கள் கணக்கைத் தாண்டிவிடும். அறை வாடகையின் மேல் 12.5 சதவீதமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ வரி சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த வகையில், 2012-இல் திறக்கப்பட்ட ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியின் குடும்ப அறைத்தொகுதி உங்களுக்குப் பொருந்தும். அது வேல்யூ வகையைச் சேர்ந்தது என்றாலும், கதவுள்ள தனிப் படுக்கையறையும், விரித்தால் படுக்கையாகும் சோபாவும், சாப்பாட்டு மேசையே இரவில் கட்டிலாக மாறும் அமைப்பும் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் இரண்டு குளியலறைகள் உண்டு. காலையில் பூங்கா திறப்பதற்குள் ஆறு பேர் குளித்துக் கிளம்ப வேண்டிய வீட்டில் இதன் அருமை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. டிஸ்னி விடுதி எதில் தங்கினாலும் பொதுமக்களைவிட 30 நிமிடம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகலாம். அந்தச் சலுகை குளியலறை வாசலில் காத்து நின்றே கரைந்துபோவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற ரோப் கார் செல்கிறது. பழனி மலையில் ஏறியவர்களுக்கு அது புதிதாக இராது. 2019-இல் தொடங்கிய இந்தச் சேவையில் வழியில் கரீபியன் பீச் நிலையத்தில் ஒருமுறை மாறி ஏற வேண்டும் என்பதை அப்பாவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் பதற்றமின்றி ஏறுவதற்குப் பெட்டியைத் தனியே நிறுத்தித் தரும் வசதி நிலையங்களில் உண்டு. ஆனால் பெட்டிகளில் ஏசி கிடையாது. இடி மின்னல் வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள், ஜூலையில் அங்கே மாலை இடிமழை அடிக்கடி வரும். அப்போது பேருந்துதான். மற்ற இரு பூங்காக்களுக்கும் எப்போதுமே பேருந்துதான். அதில் மாறி ஏறும் வேலை இல்லை என்பதால் முதியோருக்கு உண்மையில் அதுவே எளிது.

மேஜிக் கிங்டம் மட்டும் முக்கியம் என்றால் கதை வேறு. அந்தப் பூங்கா 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோதே உடன் திறந்த கன்டெம்பரரி விடுதியின் கட்டடத்துக்குள்ளேயே மோனோரெயில் புகுந்து செல்கிறது. நடந்தாலும் பத்து நிமிடத்தில் பூங்கா வாசலை அடையலாம். உங்கள் மகளுக்கு அதைவிட உகந்த இடம் இல்லை. ஆனால் அது டீலக்ஸ் விடுதி; நான்கு நாளில் ஒரு நாள் அனுபவத்துக்காக நான்கு இரவும் அந்த வாடகை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பாவின் ஆசைக்கு நேராகப் பொருந்துவது, 2001-இல் திறக்கப்பட்ட அனிமல் கிங்டம் லாட்ஜ். ஆப்பிரிக்கப் புல்வெளி போல அமைத்த நிலத்தைச் சுற்றிக் கட்டடம் வளைந்து செல்கிறது. காலையில் பால்கனிக்கு வந்தால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். இதன் ஒரு பகுதியான கிடானி வில்லேஜில் முழுச் சமையலறையும் மூன்று குளியலறைகளும் உள்ள இரண்டு படுக்கையறை வீடுகள் உண்டு. டிஸ்னியின் தங்கல் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்களிடமிருந்து, அவர்கள் பணத்துக்குப் பதிலாக அறை எடுக்கப் பயன்படுத்தும் புள்ளிகளை வாடகைக்கு வாங்கி முன்பதிவு செய்தால், டிஸ்னியிடம் நேரடியாகப் பதிவு செய்வதைவிடக் கணிசமாகக் குறைவாக முடியும். பயணத்தை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். நடைகூடங்கள் மிக நீளமானவை, எந்தப் பூங்காவுக்கும் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. புல்வெளி தெரியாத அறைகளும் அங்கே உண்டு. விலை குறைகிறதே என்று அவற்றை எடுத்துவிட்டால் அங்கே தங்குவதற்கே பொருளில்லை.

சமையலறை வேண்டும் என்பதற்காகச் சிலர் டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமிலுள்ள கேபின்களை, அதாவது தனித்தனிச் சிறு வீடுகளை, சொல்வார்கள். ஆறு பேர் தங்கலாம், அடுப்பும் உண்டு. ஆனால் ஒரே குளியலறை, தவிர முகாமுக்குள்ளேயே ஒரு பேருந்து ஏறித்தான் வெளியே வர வேண்டும். அருகிலுள்ள கிஸ்ஸிமி நகரின் பக்கம் தனி வீடு வாடகைக்கு எடுப்பது இன்னும் மலிவு. ஆயினும் காரில் மேஜிக் கிங்டம் செல்பவர்கள் பூங்கா வாசலில் நிறுத்த முடியாது. தொலைவிலுள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து மோனோரெயிலோ படகோ பிடிக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. நிறுத்துக் கட்டணமும் தனி. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு அது கிடையாது.

ஆகவே, ஆர்ட் ஆஃப் அனிமேஷனையே எடுங்கள். அங்கே அடுப்பு இல்லை. மைக்ரோவேவும் சிறு குளிர்பதனப் பெட்டியும் உண்டு. பெற்றோருக்கு அது போதும் என்றே நினைக்கிறேன், ஏனெனில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல், சூடாக்கத் தேவையில்லாத உணவை நாமே பூங்காவுக்குள் கொண்டுபோகலாம். தயிர்சாதத்தை யாரும் தடுக்கமாட்டார்கள். சக்கர நாற்காலியை நான்கு நாளுக்கும் சேர்த்து வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பூங்காவுக்குள் நடக்கும் தூரம் விடுதியில் நடப்பதைவிடப் பல மடங்கு.

அப்பாவுக்காக ஒரு ஏற்பாடு. அனிமல் கிங்டம் பூங்காவுக்குச் செல்லும் நாளில், விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலையிலேயே கிளிமஞ்சாரோ சஃபாரியை முடித்துக்கொண்டு, அங்கிருந்து பேருந்தில் கிடானி வில்லேஜுக்கு வாருங்கள். சில நிமிடப் பயணம்தான். அங்குள்ள சனா உணவகத்தில் ஆப்பிரிக்கச் சமையலோடு இந்தியச் சுவையும் கலந்திருக்கும். 'நான்' முதலிய ரொட்டிகளும் விதவிதமான சட்னிகளும் கொண்ட தட்டு அங்கே பெயர் பெற்றது. உங்கள் பெற்றோர் தயங்காமல் சாப்பிடக்கூடிய சைவ உணவு அது. சன்னலுக்கு வெளியே அதே புல்வெளி. அங்கே தங்காதவர்களும் சாப்பிடலாம். ஆனால் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும், அதுவும் டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் தங்கள் தங்கலின் எல்லா நாட்களுக்கும் அன்றே சேர்த்துப் பதிவு செய்துவிடலாம் என்பதால், அறையை உறுதிசெய்தவுடன் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சன்னலோர மேசை வேண்டுமென்று அங்கே போய் இறங்கியதும் கேளுங்கள்.