காலையில் வாசித்தது கடையில் மறந்துபோகிறதா?

சகோதரி, காலையில் வேதாகமத்தில் மூன்று அதிகாரம் வாசித்தும், காசிமேட்டில் மீன் விற்க உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து, பேரம் பேசுகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று அதிகாரம் மனதில் நிற்காது. வாரத்துக்கு ஒரே வசனம் எடுங்கள், போதும். உங்களுக்கு யாக்கோபு 1:19 சரியாக இருக்கும்: "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்". ஷேர் ஆட்டோவில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போங்கள். வழியில் நடக்கும்போதும் பேசு என்றுதானே உபாகமம் 6:7 சொல்கிறது. அப்புறம், "வஞ்சிரம் இந்த விலையா?" என்று ஒருவர் முகம் சுளித்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். வசனத்தின் முதல் பகுதி அங்கேயே நடந்துவிடும். அதையும் மீறி வார்த்தை விட்டுவிட்டால், அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். வசனத்தை மட்டும் மாற்றாதீர்கள், அடுத்த வாரமும் அதுவே இருக்கட்டும்.