தாய்ப்பாலில் வாடை: நர்ஸ் அக்காவிடம் கேட்டவை

காலையில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த பால் சாயங்காலம் சோப்புத் தண்ணி மாதிரி வாடை அடிக்கிறது அக்கா. மாமியார் கொட்டச் சொல்கிறார்.

கொட்டாதீங்கம்மா. பாட்டில் கழுவியதிலும் குறை இருக்காது. தாய்ப்பாலிலேயே லைபேஸ் என்று ஒரு நொதி உண்டு. குழந்தைக்குக் கொழுப்பு செரிக்க உதவுவது அதுதான். பாலை எடுத்து வைத்தால் அங்கேயே கொழுப்பை உடைக்க ஆரம்பித்துவிடும். ஃப்ரீசரில் கூட நிற்காது, மெதுவாக நடக்கும். சிலருக்குச் சில மணி நேரத்தில் வாடை வரும், சிலருக்கு நாள் கணக்காகும். இதனால் பால் கெடுவதில்லை. குழந்தை குடிக்கிறதென்றால் நீங்கள் மோந்து பார்ப்பதை விட்டுவிடலாம்.

குடிக்க மறுத்தால்தான் வேலை. பாலை எடுத்ததுமே பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டும் வரை, அதாவது சுமார் 82 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விடாமல் இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி மூடி வையுங்கள். வாடை வந்த பிறகு காய்ச்சிப் பயனில்லை. காய்ச்சினால் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும் என்பதால் எல்லாப் பாலுக்கும் இதைச் செய்ய வேண்டாம். ஒரு தடவை எடுத்த பாலை மட்டும் வைத்து, எத்தனை மணி நேரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். அதற்குள் கொடுத்துவிட முடிந்தால் அடுப்பே தேவையில்லை. வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் ஃப்ரீசரை நிரப்பும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

எனக்குச் சோப்பு வாடை இல்லை, காறிய எண்ணெய் வாடை. காய்ச்சலாமா?

வேண்டாம், காய்ச்சினால் இன்னும் கூடும். இது கொழுப்பு காற்றோடு சேர்ந்து காறுவது. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் கேட்டுக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம்.

தினம் பூண்டுக் குழம்புதான் அக்கா. பாலிலும் நாறுமா?

மணம் இறங்கும். 1991-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 2 மணி நேரத்தில் பாலில் மணம் உச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தன. ஆனால் பூண்டு தின்றால் பால் ஊறும் என்பது வேறு கணக்கு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குழம்பு பிடித்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெந்தயம் நிறையச் சாப்பிடுகிறேன். குழந்தை மேல் வெல்லப்பாகு வாசனை.

வெந்தயத்தில் உள்ள சோட்டலோன் என்ற வாசனைப் பொருள் செய்யும் வேலை அது. உங்கள் வியர்வையிலும் வரும். ஆனாலும் குழந்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் இதே வாசனை வருகிற ஒரு பிறவி நோயும் உண்டு, வெந்தயக் கதை தெரியாவிட்டால் டாக்டரே குழம்பிப்போவார்.

மனைவி புது சென்ட் போட்ட நாளிலிருந்து குழந்தை முகத்தைத் திருப்புகிறது சிஸ்டர். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம் தம்பி. பச்சிளம் குழந்தை மோந்துதான் மார்பைத் தேடும். 1994-இல் வந்த ஓர் ஆய்வில், பிறந்தவுடன் ஒரு மார்பைக் கழுவியும் மற்றதைக் கழுவாமலும் வைத்துப் பார்த்தார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத பக்கமே போயின. சென்டை நிறுத்துங்கள். மார்பில் சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஒரு பக்கம் மட்டும் குடிக்க மறுக்கிறான். அங்கே சிவந்து சூடாக இருக்கிறது.

பால் கட்டி வீங்கியிருக்கும். அப்போது பாலில் உப்பு கூடி, இனிப்பு குறையும். இன்றே டாக்டரைப் பாருங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், குடிக்காவிட்டால் மெதுவாகப் பிழிந்து எடுங்கள்.

நிஜமாகவே கெட்டுப்போன பாலை எப்படிக் கண்டுபிடிப்பது?

புளித்த வாடை அடிக்கும். மேலே ஆடை பிரிந்து நிற்பது கெட்டதன் அடையாளமல்ல, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். மூக்கைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். 25 டிகிரி அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறை 25 டிகிரியில் இருக்காது, அதனால் எடுத்த கையோடு உள்ளே வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், உள் தட்டில்.