கரையில் நின்று எழுதாத புத்தகங்கள்

அன்பின் ஐயா,

நான் அளம்பிலில் இருந்து எழுதுகிறேன். அப்பா கடற்றொழில் செய்பவர். இரவில் அவருக்குக் கதை வாசித்துக் காட்டுவேன். கடற்கதை என்றால் மட்டும் பாதியில், “இதை எழுதினவன் கடலுக்குப் போகாதவன்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். படகு, பாய், கடற்பயணம் பற்றி அவரும் கடைசிவரை இருந்து கேட்கக்கூடிய புத்தகங்கள் சொல்வீர்களா? ஆங்கிலம் என்றாலும் பரவாயில்லை, அகராதி வைத்து வாசித்து அவருக்குத் தமிழில் சொல்வேன்.

ஒரு வாசகி, அளம்பில்

அன்பின் தங்கைக்கு,

நான் அப்பாவின் பக்கம். கடற்கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கரையில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள். அவர்களுடைய வலை ஒரே இழுவையில் மீனோடு வந்துவிடும். உங்கள் கரைவலை அப்படியா வருகிறது? கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை வளைத்துப் போட்டு, மற்றத் தலைப்பைத் தள்ளி ஓரிடத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்து இழுத்து நெருங்கி வர வேண்டும். வலையின் நடுவில் மீன் சேர்கிற பை, அந்த மடி, கரை தட்ட மணிக்கணக்காகும். உள்ளே இருப்பது சாளை மீனா, வெறும் சொறியா (ஜெல்லி மீன்) என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. (இப்போது உழவு இயந்திரம் வைத்து இழுக்கிறார்கள். அது வேறு சண்டை.) இந்த வேலையும் இந்தக் காத்திருப்பும் பக்கத்தில் இருந்தால்தான் நான் அதைக் கடற்புத்தகம் என்பேன்.

முதலில் ‘கொன்-டிக்கி’யை எடுங்கள். எழுதியவர் நோர்வேக்காரரான தோர் ஹெயர்டால். 1947இல் ஒன்பது பல்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்து, ஐந்து தோழர்களோடு பெருவில் இருந்து பசிபிக்கில் இறங்கினார். 101ஆம் நாள் பொலினீசியாவில் ரரோயா என்ற பவளத்திட்டில் மோதிக் கரையேறினார்கள். அந்த மிதவையைக் கட்டியதில் ஆணி ஒன்றுகூட இல்லை. மரத்தோடு மரம் உரசிக் கொஞ்ச நாளிலேயே கயிறெல்லாம் அறுந்துவிடும் என்றுதான் கடலோடிகள் சொன்னார்கள். நடந்தது வேறு. பல்சா மென்மையான மரம். கயிறு மரத்துக்குள் பதிந்து இறங்கிவிட, தேயாமல் மரமே அதைக் காத்தது. மேலே ஏறிய அலையும் மரங்களின் இடுக்கால் வடிந்து போனது, தண்ணீர் இறைக்கிற வேலையே இல்லை. கட்டுமரம் கட்டிப் பழகிய ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தென்னமெரிக்காவில் இருந்துதான் பொலினீசியாவில் மனிதர் குடியேறினர் என்று காட்டவே அவர் போனார். அந்த வாதத்தை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, குடியேற்றம் ஆசியப் பக்கத்தில் இருந்து நடந்தது என்பதே முடிவு. வாதம் கிடக்கட்டும், மிதவைக்காக வாசியுங்கள்.

அடுத்தது ஜோசுவா ஸ்லோக்கம் எழுதிய தன் பயணக் கதை. உலகைத் தனியாகப் பாய்க்கப்பலில் சுற்றிவந்த முதல் ஆள் அவர். வயலில் உக்கிக் கிடந்த ‘ஸ்ப்ரே’ என்ற பழைய படகைத் தன் கையாலேயே புதிதாகக் கட்டி, 1895 ஏப்ரலில் பொஸ்ரனில் இருந்து புறப்பட்டு, 1898 ஜூனில் திரும்பினார். நல்ல கடற்கடிகாரத்தைத் திருத்தப் பதினைந்து டொலர் கேட்டார்கள் என்று, முகம் உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டொலருக்கு வாங்கிக்கொண்டு போன மனுசன். மகலன் நீரிணையில் இரவில் கொள்ளையர் ஏறுவார்கள் என்று தளமெங்கும் கம்பள ஆணியைத் தலைகீழாகத் தூவிவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்களின் அலறலில் எழும்பினார். எனக்குப் பிடித்தது இந்து சமுத்திரத்துப் பகுதி. கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. பாயைக் காற்றுக்குச் சரிப்படுத்திச் சுக்கானைக் கட்டிவிட்டு, உள்ளே இருந்து புத்தகம் வாசித்தார். இதைச் சொன்னதும் அப்பா நிச்சயம் குறுக்குக் கேள்வி கேட்பார், அந்தப் பக்கங்களை முன்கூட்டியே நன்றாக வாசித்து வையுங்கள். 1909இல் மறுபடி புறப்பட்ட ஸ்லோக்கம் திரும்பி வரவேயில்லை.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ மீன்பிடிப் பருவத்துக்கு நெடுந்தீவு வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடிசை) போடுகிறவர்களின் கதை. காதல் கொஞ்சம் கூடத்தான். ஆனால் காற்று மாறினால் மனிதரின் இருப்பும் மாறும் என்பது அதில் பிசகவில்லை. மூதூர்க்காரர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதை. ஒரே இருப்பில் முடிந்துவிடும், ஆனால் சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்ற ஆசையை அதற்கு மேல் எழுத முடியாது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ தென்தமிழ்நாட்டுக் கட்டுமரக்காரர்களின் பெரிய நாவல். அந்தக் கரையின் பேச்சு முதலில் உங்களை மிரட்டும். அப்பாவை அவ்வளவு மிரட்டாது என்று நினைக்கிறேன்.

‘செம்மீன்’ பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். தகழியின் மலையாள நாவல், சுந்தர ராமசாமி அருமையாகத் தமிழாக்கியிருக்கிறார். காதல் கதையாக நான் அதற்குத் தலைவணங்குவேன். ஆனால் கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் கணவன் பிழைப்பான் என்ற நம்பிக்கைதான் அதன் அச்சாணி. புயலும் சுழியும் யாருடைய ஒழுக்கத்தையும் விசாரித்து வருவதில்லை. கரையில் நின்ற பெண்களின் தலையில் இந்தப் பழியையும் கட்டியது போதும் என்பது என் கட்சி. வாசியுங்கள், வாசித்துவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

நம் பக்கத்தைத் தொடுகிற ஒரு பழைய நூலும் உண்டு. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல் கொட்டியாரக் குடாவில், அதே மூதூர்ப் பக்கம், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறைவாசம். 1679இல் ஒரு தோழரோடு தப்பி, அனுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடந்தார். கீழே வர நாம் அருவியாறு என்கிற அதே ஆறுதான். அதன் வழியே வந்து அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார். கப்பற்காரன் ஒருவன் கடலைத் தேடி வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்த கதை இது. புத்தகம் 1681இல் வந்தது. பழைய ஆங்கிலம், மெதுவாகப் போங்கள்.

நொக்ஸும் ஸ்லோக்கமும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஈழத்து நூல்களை முதலில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். எல்லோரும் ‘மொபி டிக்’ என்பார்கள். அதை எழுதிய மெல்வில் உண்மையாகவே திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர், அதனால் நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கடைசியாக வையுங்கள், திமிங்கில வகைகளைப் பிரிக்கிற அத்தியாயம் வந்தால் தயங்காமல் தாண்டிப் போங்கள். நானும் தாண்டித்தான் போனேன்.