சரவாங்கி எதுவரை போகும்?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு வயது 67. நான்கு மாதங்களுக்கு முன் தோள்களும் மணிக்கட்டுகளும் திடீரென வீங்கின. இப்போது ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட முடியவில்லை. சரவாங்கி (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம்) என்று கூறி, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். இது அவரை முடக்கிவிடுமா? கோத்தகிரிக் குளிரை விட்டு மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினால் நோய் நின்றுவிடுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: 60 வயதுக்குப் பின் தொடங்கும் சரவாங்கி, உங்கள் அம்மாவுக்கு வந்ததைப் போலவே, பெரும்பாலும் திடீரென, தோள் போன்ற பெரிய மூட்டுகளையும் பிடித்துக்கொண்டு வரும். தொடக்கம் கடுமையாக இருப்பதாலேயே முடிவும் கடுமையாக இருக்கும் என்பதில்லை. ரத்தத்தில் ஆன்டி சிசிபி என்ற எதிர்ப்பொருளின் அளவு மிக அதிகமாக இருப்பது, முதல் எக்ஸ்ரேயிலேயே எலும்பு அரிப்பு தெரிவது, பல மூட்டுகள் வீங்கியிருப்பது, புகைப்பழக்கம் ஆகியவைதான் நோய் மூட்டைச் சிதைக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். ஆர்ஏ ஃபேக்டர் என்ற மற்றோர் எதிர்ப்பொருள் மட்டும் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அது இருக்கும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவும் வயதோடு ஏறுவதுதான். தோராயக் கணக்கில் 67 வயதுப் பெண்ணுக்கு 38 வரை இயல்பு என்றே கொள்ளலாம். ஆன்டி சிசிபி, ஆர்ஏ ஃபேக்டர் இரண்டுமே இல்லையென்றால், தோள் வலியோடு வரும் பாலிமயால்ஜியா என்ற வேறு நோயா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், எந்த ஆய்வக அறிக்கையையும்விட, சிகிச்சையின் முதல் ஆறு மாதங்களே நோயின் போக்கைத் தெளிவாகக் காட்டும். மூன்று மாதங்களில் வீக்கமும் காலை நேர விறைப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றாலோ, ஆறு மாதங்களில் நோய் கட்டுக்குள் வரவில்லை என்றாலோ, மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டும். வயதானவர்களுக்கு நேரும் பெரிய அநியாயம், ‘இந்த வயதில் இது போதும்’ என்று ஸ்டீராய்டு மாத்திரையிலேயே காலத்தை ஓட்டுவது. வீக்கம் வற்றினாலும் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், மலைப்படிகளில் ஒருமுறை சறுக்கினாலே இடுப்பெலும்பு முறியக்கூடும்.

குளிர் வலியையும் விறைப்பையும் கூட்டுமே தவிர, மூட்டை அரிப்பது குளிர் அல்ல. ஆகவே மேட்டுப்பாளையத்தில் அவருக்கு இதமாக இருக்கலாம், நோய் நிற்காது. அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் சென்று மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பது எளிது என்பதற்காக அனுப்பினால் நான் ஆதரிப்பேன்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து நாட்காட்டியில் வட்டமிட்டு, அன்று நீங்களோ அண்ணனோ எடுத்துக் கொடுங்கள். வயதோடு சிறுநீரகத்தின் வேகம் குறைவதால், கிரியேட்டினின், கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்துவிடுங்கள்.