தரையில் மூக்கால் மண்ணைக் குத்தும் பறக்கும் ஓணான்

தரையில் கண்ட பறக்கும் ஓணான் அடிபட்டு விழுந்ததோ என்று கேட்டிருந்தீர்கள்; அது அடிபட்டு விழுந்ததன்று. வயநாட்டுப் பாக்குத் தோப்பில், மூக்கால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்ததாக நீங்கள் எழுதிய அந்தப் பறக்கும் ஓணான், பெரும்பாலும் முட்டையிட இறங்கிய பெண். எறும்புகளைத் தின்று மரத்திலேயே காலம் கழிக்கும் இவ்வினத்தில், பெண் அதற்கெனத் தரைக்கு வந்து, சிறு குழி பறித்து, ஏறத்தாழ 4 முட்டைகளை இட்டு, தலையாலேயே மண்ணைத் தட்டி மூடிவிடும்.

தொண்டைத் தோலைக் கவனியுங்கள்: ஆணுக்கு அது நீண்டு மஞ்சளாகத் தொங்கும், பெண்ணுக்குச் சிறியது. குழியைக் கிளறிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். முட்டைகள் பொரிய ஏறத்தாழ 50 நாள் ஆகும்.

ஆனால், நெடுநேரமாகியும் மரமேறாமல், அது காற்றில் சறுக்கிப் பறக்க உதவும், விலா எலும்புகள் தாங்கும் இறக்கைத் தோல் கிழிந்திருப்பதாகத் தெரிந்தால் என் கணிப்பு பொருந்தாது. அப்போது கையில் எடுக்காமல் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.