ஒரே பெயரில் எத்தனை சர்கள்?

அன்புள்ள ஐயா,

மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1840களில் அதற்குப் பணம் கொடுத்தவர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். 1880களிலும் ஒரு சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் வருகிறார், 1920களிலும் வருகிறார். ஒருவரே நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தாரா? சர் பட்டம் அவரோடு முடிந்துவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

மூவரும் வெவ்வேறு ஆட்கள். பின்னால் வந்த இருவருக்கும் முதலாமவரின் பெயரைச் சூட்டியது ஒரு சட்டம்.

சர்களில் இரண்டு வகை உண்டு. நைட் பட்டம் ஆளோடு போய்விடும். பாரோனெட் பட்டம் வாரிசுக்கு இறங்கும். ஆனாலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. 1611-இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இந்தப் பாரோனெட் பட்டத்தை ஏற்படுத்தியது பணத்துக்காகத்தான். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் படை வைக்கக் கஜானாவில் காசில்லை. முப்பது காலாட்படை வீரர்களின் மூன்று வருடச் சம்பளத்தைக் கட்டுகிறவருக்குப் பட்டம். ஒரு வீரனுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ். 30 பேருக்கு 240 பென்ஸ், அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுண்டு. ஆக மொத்தம் 1,095 பவுண்டு. மன்னரிடம் நல்ல கணக்குப்பிள்ளை இருந்திருக்கிறார்.

ஜீஜீபாய் (1783–1859) பம்பாய்ப் பார்சி வணிகர். சீனாவுக்குப் பருத்தியும் அபினும் அனுப்பிச் சேர்த்த பணத்தை வாரி வழங்கினார். நீங்கள் படித்த மருத்துவமனையில் அந்த அபின் பணமும் இருக்கிறது. 1842-இல் நைட், 1857-இல் பாரோனெட். இரண்டிலும் இந்தியரில் அவரே முதல்வர்.

அவர் இறந்த மறுவருடம் வந்தது அந்தச் சட்டம். பட்டத்துக்கு வருகிறவர் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆகிவிட வேண்டும். பட்டத்தின் கௌரவத்தைக் காக்கச் சொத்தும் தனியே ஒதுக்கப்பட்டது. பாரோனெட் கடன்காரராக அலைந்தால் அரசுக்கும் அவமானம் அல்லவா? மூத்த மகன் கர்செட்ஜி ஏறக்குறைய ஐம்பது வயதில் பெயர் மாறினார். அடுத்து அவர் மகன் மானெக்ஜி. 1898-இல் மானெக்ஜி இறந்ததும் தம்பி காவஸ்ஜி. தாத்தா, அப்பா, அண்ணன் மூவரும் சுமந்த அதே பெயர் இப்போது தம்பி தலையில். வீட்டுப் பெண்கள் இவர்களை எப்படிக் கூப்பிட்டார்களோ! அரசு கொடுத்த கௌரவங்களில் இவ்வளவு விசித்திரமான நிபந்தனையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உங்கள் 1880களின் ஆள் மானெக்ஜி. 1920களின் ஆள், 1908-இல் பட்டத்துக்கு வந்த ஐந்தாமவர் ருஸ்தம்ஜி. பழைய பத்திரிகைகளில் இந்தப் பெயர் கண்ணில் பட்டால் முதலில் தேதியைப் பாருங்கள்.