கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகப் பழைய புத்தகம் தேடி அலைகிறவன் நான். ஆசிரியர் கையெழுத்திட்ட முதற்பதிப்புகளைப் பற்றி டெல்டா ஊர்களிலிருந்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி வாசகர்: ஐயா, பரணில் கிடைத்த நாவலில் ஆண்டே அச்சிடவில்லை. முதற்பதிப்புதானா என்று எப்படிக் கண்டுகொள்வது?

முதலில் விலையைப் பாருங்கள். ரூபாய், அணா என்று இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. பதிப்பாளர் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? அப்படியானால் முன்னுரையில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய அச்சு.

அடுத்தது எழுத்து. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை 'லை', 'னை' போன்றவற்றின் கொம்பு, யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு சேர்ந்து சுருண்டிருக்கும். 1961இன் முதற்பதிப்பு என்று சொல்லி ஒருவர் என்னிடம் ஒரு நாவலை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில் 'வேலை' என்ற சொல் இன்றைய பள்ளிப் பாடநூலில் இருப்பதுபோலவே இருந்தது. அந்த 'லை'யின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். (பெரியாரின் 'குடிஅரசு' 1935லேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டது. அந்த இயக்க வெளியீடுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.)

இன்னும் பழைய நூலென்றால் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். கால் வழுக்குவது அங்கேதான். 'சர்வசித்து' 1887இலும் வந்தது, 1947இலும் வந்தது. காகிதத்தையும் அச்செழுத்தையும் வைத்துத்தான் எந்தச் சர்வசித்து என்று தீர்மானிக்க வேண்டும்.

மயிலாடுதுறை வாசகி: என் பாட்டி வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' வீட்டில் இருக்கிறது. இதை முதற்பதிப்பு எனலாமா? கல்கி கையெழுத்திட்ட 'பொன்னியின் செல்வன்' புத்தகம் ஒன்றும் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பாட்டி சேர்த்தது முதற்பதிப்புக்கும் மூத்தது, அம்மா. 1950 அக்டோபர் முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடர் வந்தபோது மணியம் வரைந்த படங்களை வாசகர்கள் முதன்முதலில் பார்த்தது அந்தத் தாள்களில்தான். பக்கத்து விளம்பரங்களையும் வெட்டாமல் தைத்திருந்தால் இன்னும் நல்லது.

விலைக்கு வருவது வேறு சங்கதி. தொடர் முடிந்த அதே 1954இல், டிசம்பர் 5ஆம் தேதி, உங்கள் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரரான கல்கி காலமாகிவிட்டார். புத்தகத்தில் கையெழுத்துப் போட அவருக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு விலையைப் பேசலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: கு.ப.ரா. பால்பாயிண்ட் பேனாவில் கையெழுத்திட்ட சிறுகதைத் தொகுப்பு...

வாங்காதீர்கள். கு.ப.ரா. (எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன்) மறைந்தது 1944. அமெரிக்காவிலேயே பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில்தான்.

திருவையாறு வாசகர்: பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் ஒன்றில் 'கையொப்பம் செய்தோர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கையெழுத்துகள் எங்கே?

தேட வேண்டாம், அது பேனாக் கையெழுத்து அல்ல. நூல் அச்சாகும் முன்பே பிரதி வாங்கிக்கொள்வதாகப் பெயர் கொடுப்பதற்கு அன்று அந்தச் சொல் வழங்கியது. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது இப்படிக் கையொப்பம் சேர்த்துத்தான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஆசிரியர் கையெழுத்தைவிட இந்தப் பட்டியல் எனக்குச் சுவையானது. நூறாண்டுக்கு முன் எந்த ஊரில் யார் படித்தார்கள் என்று அதில் தெரிந்துவிடுகிறது.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: டார்வின் கையெழுத்திட்ட 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பை வாங்க வேண்டும் என்பது என் கனவு.

கனவுக்குக் காசில்லை, தம்பி. 1859 நவம்பரில் 1,250 பிரதிகள் அச்சாயின. டார்வின் தம் நண்பர்களுக்கு அனுப்பச் சொன்ன பிரதிகளில் 'ஆசிரியரிடமிருந்து' என்று எழுதியது பதிப்பாளர் அலுவலகத்து எழுத்தர். டார்வின் கையால் எழுதியது என்று எவராவது காட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள்.

உங்கள் ஊரிலேயே பார்க்க இருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்தில், சரபோஜி மன்னர் வாங்கிச் சேர்த்த ஐரோப்பிய நூல்களில் அவரே ஆங்கிலத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். எழுதியவருடைய கையெழுத்து அல்ல, படித்தவருடையது. வாங்கிச் சேர்க்க ஆசையென்றால் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைத் தேடுங்கள். 1917இல் தஞ்சையில் அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சானது. தூக்கிப் பார்த்தால் செங்கல் கனம்.

வேதாரண்யம் வாசகி: 2018 கஜா புயலில் நனைந்த புத்தகங்கள் அலையலையாக வளைந்துவிட்டன. லேமினேட் செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். லேமினேட் செய்த தாளைப் பிறகு மீட்பது மிகக் கடினம், செல்லோடேப்பும் தாளைக் கெடுத்துவிடும். இனி நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள். சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். மைப்பேனாக் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது, கரைந்துவிடும்.

புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்குச் சரசுவதி மகாலின் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் முடிச்சை மாற்றுங்கள்.

வளைந்ததை மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால் ஓரம் வெட்டக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்த புத்தகத்தில் ஓரங்கள் கத்தி போல நேராக இருந்தன. முதல் பக்கத்தின் உச்சியில் ஆசிரியர் எழுதியிருந்த 'அன்புள்ள' என்ற சொல்லுக்குக் கீழ்ப்பாதி மட்டும் மிச்சம்.

பாபநாசம் வாசகர்: தி. ஜானகிராமன் என் தாத்தாவின் பெயரெழுதிக் கையெழுத்திட்ட நூல் இருக்கிறது. தாத்தா பெயரை மட்டும் அழித்துவிட்டால் விலை கூடுமா?

பாதியாகிவிடும். வெறும் கையெழுத்தைப் போலி செய்வது எளிது. ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தேதி சேர்ந்துவிட்டால் அதைச் சரிபார்க்க வழி பிறக்கிறது. தாத்தாவுக்கு அவர் எப்படிப் பழக்கம்? ஒரே பள்ளியா, கச்சேரிப் பழக்கமா? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பக்கங்களுக்கிடையில் பழைய அஞ்சலட்டை ஏதாவது இருந்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு எடுங்கள். கும்பகோணம் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், பார்க்கிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய வேட்டித்துணியில் சுற்றினால் போதும்.